பதினாலாம் நம்பர் போல்ட்

போர்டு எழுத வந்த குணசீலன்
ஏணியில் நின்றபடி கேட்டார்:
பெயருக்குக் கீழே என்ன போடட்டும்?
"நம்பிக்கையான சேவை" என்று
இந்த டானிங்டன் ரோட்டில் மட்டும்
நாலு பேருக்கு எழுதியிருக்கிறாராம்.
அதே நீலம், அதே நிழல் விழுகிற எழுத்து.
ஐந்தாவது ஆளுக்கு ஐம்பது ரூபாய் குறைவு.

பிறகு சொல்கிறேன் என்றேன்.
கீழ் வரி இரண்டு மழைக்காலம் வெள்ளையாகவே நனைந்தது.

மேல் வரி: ஹில் வியூ ஆட்டோ கேர்.
மலை தெரியாது இங்கிருந்து.
மீன்கடையின் பின்சுவர் தெரியும்,
ஓரமாகக் கொஞ்சம் தேயிலை,
மற்றபடி மூடுபனி.

கழற்றிய பழைய பாகத்தை
நாளிதழில் சுற்றிக் கையில் கொடுத்தனுப்பினேன்.
தேய்ந்த பிரேக் பேடை வாங்கிப் பார்த்து
"இதை வைத்து நான் என்னப்பா செய்ய?" என்றார்
சகாயமேரி டீச்சர்.
மேட்டுப்பாளையத்தில் அதே வேலைக்கு என்ன விலை என்பதையும்
நானே சொன்னேன்.
சிலர் மேட்டுப்பாளையத்துக்கே போய்விட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, விளக்கு போடுகிற நேரம்,
தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ரஃபீக்
ஒரு போல்ட்டைத் தூக்கிக் காட்டினான்.
பதினாலாம் நம்பர் தலை. துருவில்லை.
காலிபரில் உட்காருகிற வகை.
கடைசியாக வெளியே போனது
பலராமனின் வெள்ளைக் கார்.
உள்ளே மனைவி, இரண்டு பிள்ளைகள்,
கூரையில் கயிறு கட்டிய மெத்தை.

போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.
அரவேணு தாண்டினால் எல்லாரும் அப்படித்தான்.

பைக்கை எடுத்தேன்.
ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச்சுவரைப் பார்த்தேன்.
இத்தனை இடத்தில் உடைந்திருக்கும் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
எல்லாம் பழைய உடைசல்.
நடுரோட்டில் ஒரு காட்டெருமை.
அதற்கு ஹாரன் அடிக்கக் கூடாது.
அது யோசித்து முடிக்கும்வரை
பலராமனின் பிள்ளைகள் பெயரை நினைத்துப் பார்த்தேன்.
வரவில்லை.

குஞ்சப்பனை செக்போஸ்டில் பிடித்தேன்.
ஜாக்கி போட்டு, முன்சக்கரம் இரண்டும் கழற்றி,
செல்போன் வெளிச்சத்தில் எண்ணினேன்.
எல்லாம் இருந்தன.
இறுக்கமாகவே இருந்தன.

சின்னவள் ரோட்டோரம் வாந்தியெடுத்தாள்.
"நீ மாட்டினது உனக்கே தெரியாதா?" என்றார் பலராமன்.
அவர் கேட்டது நியாயம்.

திங்கட்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.
டாக்சி ஸ்டாண்டில் எனக்குப் பெயர் போல்ட்டு.
மூன்று வாரம் ஒரு பஞ்சர்கூட வரவில்லை.

நோட்டைப் புரட்ட நேரம் கிடைத்தது.
அந்த வாரம் கைவைத்தது, பலராமனைச் சேர்த்து, ஏழு வண்டி.
மீதி ஆறு பேருக்கும் போன் செய்தேன்:
உங்கள் வண்டியில் ஒரு போல்ட் குறைந்திருக்கலாம்,
கொண்டு வாருங்கள், காசு வேண்டாம்.
எந்தக் கடைக்காரனாவது தன்னைப் பற்றி
இப்படித் தண்டோரா போடுவானா என்றாள் ஹேமாவதி.
சொல்லிவிட்டு, கிடைக்காத நம்பருக்கு
அவளே மறுபடி அடித்தாள்.

கட்டபெட்டு போஜன் கேரட் மூட்டையோடு வந்தார்.
கான்வென்ட் வேன் வந்தது. இன்னும் மூன்று.
ஐந்திலும் குறை இல்லை.
ஆறாவது கேரளா வண்டி.
நோட்டில் கடைசி எண் சாரலில் கரைந்து
ஒன்றா ஏழா தெரியவில்லை.
ஒன்றில் யாரோ மலையாளத்தில் தப்பு நம்பர் என்றார்கள்.
ஏழை யாரும் எடுக்கவில்லை.

இப்போது வேலைக்குக் குறைவில்லை.
போல்ட்டுக் கடை எங்கே என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டால்
கை காட்டுகிறார்களாம்.
பலராமனே ஆள் அனுப்புகிறார், திட்டிக்கொண்டேதான்.
குணசீலன் மறுபடி ஏணியோடு வந்து
"அதையே கீழ் வரியில் போட்டுவிடவா?" என்று சிரித்தார்.
போடுங்கள் என்றேன்.
நிழல் மட்டும் வேண்டாம்.

போல்ட் கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.
ராசியான போல்ட் என்று தொட்டுப் பார்க்கிறார்கள்.
எனக்கு அப்படித் தெரியவில்லை.
ஏதோ ஒரு சக்கரத்துக்குப் பின்னால்
ஒரு துளை காலியாக
ஏதோ ஒரு மலையை இறங்கிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை ஷட்டரை இழுக்கும் முன்
அந்த ஏழுக்கு ஒருமுறை அடிக்கிறேன்.
மணி போகிறது.