ஆறே முக்கால்

அல் கர்ஜில் ஆழ்துளைத் தண்ணீர்
நிலத்தடியிலேயே சூடேறி வருகிறது.
குளிர்விக்க ஒரு மெஷின், உப்பைக் குறைக்க இன்னொன்று,
இரண்டுக்கும் கரண்ட் பில் மாதம் பதினோராயிரம்.
ஆறே இல்லாத நாட்டில்
ஆற்றுமீன் நீந்துவதற்கு ஆகும் செலவை
முதல் பக்கத்தில் எழுதிவிடுவேன்.
பிறகுதான் மீன்.

புல்தி என்பார்கள் இங்கே,
நம்மூர் ஜிலேபிக் கெண்டை.
தாய்மீன் ஒன்று நாற்பது ரியால்.
முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கும்,
அந்த நாட்களில் எதுவும் தின்னாது.
தீனிச் செலவு மிச்சம் என்று
அதையும் ஒரு வரியாகச் சேர்த்தவர் மஹ்ரூஸ்,
எங்கள் மேனேஜர், எகிப்துக்காரர்,
கூட்டலில் தப்பு விடாதவர்.

வாரம் ஒருமுறை வாயைத் திறந்து எடுக்கவேண்டும்.
கட்டைவிரலால் கீழ்த்தாடையை அழுத்தி
தண்ணீரில் ஓர் அலசு அலசினால்
ஊறிய வெந்தயம்போல உதிரும்.
நாலு வருஷத்தில்
என் கட்டைவிரல் ரேகை
அலுவலகத்து வருகைப்பதிவு மெஷினுக்குத் தெரியாமல் போயிற்று.

பொரித்த குஞ்சுக்கு இருபத்தொரு நாள் மருந்துத் தீனி.
எல்லாம் ஆணாகிவிடும்.
ஆண்தான் சீக்கிரம் எடை போடும்,
பெண் முட்டையிலேயே பொழுதைப் போக்கும்
என்பது மஹ்ரூஸின் வாக்கு.
எங்கள் கேம்ப்பில் முப்பத்தெட்டுப் பேர்.
எல்லாரும் ஆண்.
இதைச் சொல்லி தோஃபஸல் ஒருமுறை சிரித்தான்,
கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டான்.

ஆகஸ்ட் பதினாறு, இரவு இரண்டு நாற்பது.
கரண்ட் போனது.
ஜெனரேட்டர் ஒருமுறை இருமி
அடங்கிவிட்டது. பேட்டரி.
போன மாதமே எழுதிக் கேட்டிருந்தேன், நானூற்று இருபது ரியால்.
‘அடுத்த மாதம்’ என்று பச்சை மையில்
பதில் வந்திருந்தது.

ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று.
தொட்டி இரண்டு.
ஏழாம் தொட்டியில் அறுபதாயிரம் குஞ்சு,
பதினைந்தாயிரம் ரியால், சனிக்கிழமை லாரி வருகிறது.
மூன்றாம் தொட்டியில் தாய்மீன் நூற்றிருபது,
நாலாயிரத்து எண்ணூறு.
மூன்றாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு.
ஆனாலும் போன் போட்டேன்.
‘ஏழு’ என்றார் மஹ்ரூஸ், தூக்கம் கலையாமலே.
சொன்னது அவராக இருக்கட்டும் என்றுதான்
கேட்டேன்.

மூன்றாம் தொட்டியில் தோஃபஸல்
பக்கெட்டில் மொண்டு தலைக்குமேல் தூக்கி
ஊற்றிக்கொண்டே இருந்தான், மொண்டு, ஊற்றி.
விழுகிற தண்ணீரில் கொஞ்சம் காற்று கலக்கும்.
கொஞ்சம்தான்.
எல்லா வாயும் மேலே வந்தன.
வாய் திறக்கத் திறக்க முட்டை விழுந்தது.
டார்ச் வெளிச்சத்தில் தொட்டியின் அடி
மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

ஐந்தே காலுக்குக் கரண்ட் வந்தது.
செத்தது முப்பத்தொன்று.

வலையில் அள்ளிப் போடும்போது பார்த்தேன்,
ஒன்றுக்கு மட்டும் வாய் மூடியிருந்தது.
கட்டைவிரல் போதவில்லை.
கரண்டிக் காம்பை விட்டு நெம்பினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
எண்ணினேன், வேறு வேலை ஓடவில்லை.
ஜாடியில் விட்டதும் சுழலத் தொடங்கின,
தம் பாட்டுக்கு.

பேட்டரி மறுநாளே வந்தது.
நானூற்று முப்பத்தைந்து. விலை ஏறிவிட்டதாம்.

பொரித்தது நூற்று எண்பத்தேழு.
இருபத்தொரு நாள், அதே தீனி, எல்லாம் ஆண்.
தலைக்கு இருபத்தைந்து ஹலாலா,
ஆக நாற்பத்தாறே முக்கால் ரியால்.
தாய்க்கு நாற்பதைக் கழித்தால்
மிச்சம் ஆறே முக்கால்.
தீனிச் செலவைச் சேர்க்கவில்லை, விட்டுவிடுங்கள்.

இதை எங்கே எழுத என்று
நோட்டை நீட்டினேன்.
மஹ்ரூஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
போட்டுக்கொண்டார்,
பழைய பக்கத்துக்குத் திருப்பினார்.
இறப்பு என்ற பத்தியில்
முப்பத்தொன்றை அடித்துவிட்டு
முப்பது என்று எழுதினார்,
பச்சை மையில்.