இருபத்திரண்டு சென்டிமீட்டர்

இரவு மூன்று ஐம்பது. தாலின்.
வெளியே பனி, ஜன்னலில் என் காபிக்கோப்பையின் நிழல்.
திரையில் எண்டெல் என்பவரின் தலை
சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காய் வந்து நிற்கிறது.
இடப்பக்கத் தமனியில் வெள்ளையாய் ஒரு கோடு.
அடைப்பு அங்கேதான்,
அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சந்தேகம் அடுத்த படத்தில்.
எம்.ஆர்.ஐ. பழைய ரத்தத்தைக் கறுப்பாகக் காட்டும்.
எண்ணுகிறேன், ஏழு.
இல்லை, ஆழத்தில் இன்னொன்று. எட்டு.
என்றைக்கோ கசிந்து
அவருக்கே சொல்லாமல் ஆறிய புள்ளிகள்.
சுற்றிலும் நரம்புப் பாதைகளில்
ஈரச்சுவரின் பூப்போல ஒரு வெளுப்பு.

மெரிகே போனில்:
"மூன்று மணி பத்து நிமிடம் ஆகிவிட்டது. கரைக்கும் மருந்து கையில் இருக்கிறது. கொடுக்கவா?"
பத்தைத் தாண்டினால் யோசி என்பார்கள்.
எட்டு, பத்து இல்லை.
எட்டு, ஒன்றுமில்லாததும் இல்லை.
கட்டி கரையும்போது
இந்த எட்டில் எது வாய் திறக்கும் என்று
எந்தப் படமும் எழுதி வைக்கவில்லை.

தீவிலிருந்து ஹெல்வே, அவர் மனைவி,
ஹெலிகாப்டரில் இடமில்லாமல் தங்கிவிட்டவள்.
ஸ்பீக்கரில் அவள் குரல் கரகரக்கிறது:
"கடல் உறைந்தால் அதன்மேல் சாலை போடுவது அவர் வேலை.
துளையிட்டுத் துளையிட்டு அளப்பார்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் இருந்தால் திறப்பார்.
இருபத்தொன்று என்றால்
அமைச்சரே வந்தாலும் மாட்டார்."

சரி, இருபத்திரண்டு இருந்தால்? மெரிகே கேட்கிறாள்.

"முதல் வண்டி அவருடையதுதான்.
பெல்ட் போடமாட்டார்.
உடைந்தால் வெளியே குதிக்க வேண்டுமே."
சற்று நேரம் இரைச்சல் மட்டும்.
"கொடுங்கள்."

அந்தத் துளைகளை நான் நினைத்துக்கொண்டேன்.
வெள்ளைப் பரப்பில் வரிசையாய்க் கறுப்பு,
அடியில் தண்ணீர்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் தெரிந்த பிறகும்
காலை விடத்தான் வேண்டியிருக்கிறது.
"எட்டு நுண்கசிவுகள்" என்று தட்டச்சு செய்தேன்.
கீழே கருத்து என்ற இடத்தில்
விரல் வெகுநேரம் நின்றது.

மறுநாள் சி.டி.
இந்தக் கருவியில் புது ரத்தம் வெள்ளை.
ஒரே ரத்தத்துக்கு ஒவ்வொரு இயந்திரமும்
தன் நிறத்தில் பெயர் வைக்கிறது.
செத்துப்போன பகுதியின் விளிம்பில்
சுண்ணாம்பு விரல் பட்டதுபோல் ஒரு கீற்று.
கசிந்திருக்கிறது.
பரவவில்லை. இன்று வரை பரவவில்லை.

மூன்றாம் நாள் அவரை வார்டுக்கு மாற்றினார்கள்.
பேச்சு வரவில்லை.
ஸ்ட்ரெச்சரில் மார்புக்குக் குறுக்கே
ஊழியன் ஒருவன் பட்டையைப் பூட்டினான்.
வந்த அன்று மரக்கட்டையாய்க் கிடந்த வலது கை
மெல்ல ஊர்ந்து
கொக்கியைத் தேடியது.

பூட்டினான்.
மறுபடியும் தேடியது.