நாலு குறி

நிறுவல் வெற்றி என்று சனிக்கிழமை
பச்சை எழுத்தில் சொன்னது. நம்பி மலையிறங்கினேன்.

முதல் கோளாறைத் திங்களன்று போனிலேயே தீர்த்தேன்.
எடைமேசைக் கணினி
மூவாயிரத்து முந்நூற்றாறாம் கதவைத் தட்டிக்கொண்டிருக்க,
அங்கே நான் நீக்க மறந்த பழைய சர்வர்
சட்டமாய் உட்கார்ந்திருக்க,
புதியது சத்தமில்லாமல் ஏழுக்குக் குடிபோயிருந்தது.
எண்ணை மாற்றச் சொன்னேன். கதவு திறந்தது.

செவ்வாய் மாலை பட்டியல் அச்சாகி வந்தபோதுதான்
ஆலையே கூடி நின்று பார்த்ததாம்.

புதன் இரவு எட்டரை. அரவேணுவுக்குக் கீழே
மாடியறையில் நான்.
வாட்டும் தொட்டிகளின் காற்று பலகைத்தரை வழியே ஏறி
பழவாசனையோடு முழங்காலைச் சுற்றுகிறது.
திரையில்:

???? 37 கிலோ
???? 12 கிலோ
?????? 41 கிலோ

எண்கள் பத்திரம்.
ஆட்களைத்தான் காணோம்.

கணக்கர் கீதாமணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.
"நாலு குறின்னா ஜோகி, இல்லன்னா மாதி.
பன்னிரண்டு கிலோ மாதிதான், அவங்களுக்கு அரை ஏக்கர்.
ஆறு குறி பெள்ளி.
நஞ்சனும் ஆறுதான், ஆனா அவர் ஊட்டி ஆஸ்பத்திரில,
பொண்ணுக்குப் பிரசவம்."

சர்வர் யூடிஎஃப்-எட்டில் பேசுகிறது.
கிளையன்ட் இன்னும் லத்தீன்-ஒன்றில் கேட்கிறது.
அதனிடம் கொம்பு இல்லை, கால் இல்லை, புள்ளி இல்லை.
விளங்காததையெல்லாம் ஒரே வளைவால் தாண்டிப்போகிறது,
விளங்கவில்லை என்று
ஒருமுறைகூடச் சொல்லாமல்.

அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்.
சேமித்தேன். மறுபடி தொடங்கினேன்.
மாறவில்லை.
மின்சாரம் போய், ஜெனரேட்டர் இருமி எழுந்து,
ஆலை டீ இரண்டு குவளை
(இலை விளையும் ஊரில் டீ ஏன் இப்படி?)
பதினோரு மணிக்குத்தான் கண்ணில் பட்டது:
இவ்வளவு நேரம் நான் திருத்தியது
பழைய சர்வரின் கோப்பை.

பிறகு வந்தார்கள்.
ஜோகி. மாதி. பெள்ளி. ஹாலன்.
கீதாமணி ஒவ்வொருவரையும் வாய்விட்டுக் கூப்பிட்டார்.
ஒரு பெயரில் மட்டும் நாக்கை உள்ளே மடித்தார்;
திரையில் அந்த மடிப்பு இல்லை.
"படுகுக்கு ஏதுங்க தனி எழுத்து?
எங்க பேரெல்லாம்
அப்பவே ஒருவாட்டி மாத்திப் போட்டதுதான்."

எல்லாரும் வரவில்லை.
திங்களும் செவ்வாயும் ஏறியவை
கேள்விக்குறியாகவே உள்ளே போயிருந்தன.
காட்டுவதில் பிழையென்றால் மீட்கலாம்.
எழுதும்போதே தொலைந்ததை?
எடைச்சீட்டுக் கட்டைப் பிரித்து
அவர் வாசிக்க, நான் அடிக்க,
ஜன்னலில் பனி வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது.

கடைசிச் சீட்டு மழையில் நனைந்தது. மை கரைந்து
நீலமாய் ஒரு மேகம். 23 கிலோ மட்டும் தெரிகிறது.

"யார் பேரைப் போடட்டும்?"

"குறியாவே இருக்கட்டும் விடுங்க.
பட்டுவாடா அன்னிக்கு
யார் சண்டைக்கு வர்றாங்களோ
அவங்கதான்."