நீல மூடி

ஆறு மணி வகுப்பு. காலை ஆறு.
மெடலினில் சிவில் படிக்கிறவர்களுக்குக்
கோழி கூவுமுன்பே கான்கிரீட் இறுகத் தொடங்கிவிடும்.
கடைசி வகுப்பு முடிய இரவு எட்டாகும்.
நடுவில் பதினான்கு மணி நேரம்,
ஒரே ஒரு வயிறு.

கேன்டீனில் ஒரு தட்டு பதினாலாயிரம் பெசோ.
அந்தக் காசில் நான் மலையிலிருந்து கேபிள் காரில் இறங்கி,
ரயிலேறி, திரும்பி,
மறுபடியும் இறங்கிவிடலாம்.

முதல் செமஸ்டரில் நான் கெட்டிக்காரி.
கறுப்புக் காப்பியும் நாலு பிஸ்கட்டும்தான் மதியம்.
கால்குலஸ் தேர்வில் எண்கள் எறும்பாகித்
தாளை விட்டு இறங்கிப் போயின.
கண் விழித்தபோது கூரை தெரிந்தது,
அப்புறம் யாரோ வாயில் பிழிந்த ஆரஞ்சு.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பருப்பு நாள்.
சந்தை மூடும் நேரத்தில் போனால்
முனை முறிந்த கேரட் பாதி விலை.
தக்காளி ஒரு பக்கம் அமுங்கியிருக்கும்;
மறு பக்கத்துக்கு மட்டும் காசு கொடுப்பேன்.
கேரட்டைத் துருவிப் போட்டால் பருப்பு இனிக்கும்,
இறைச்சி இல்லை என்பது
நாக்குக்குத் தாமதமாகத்தான் உறைக்கும்.
ஐந்து டப்பா. மூன்று ஃப்ரீசரில்.
தங்கை யெரால்தின் ஐஸ்கிரீம் டப்பாவை ஆசையாய்த் திறந்து
உறைந்த பருப்பைப் பார்த்து
என் பெயரைக் கெட்ட வார்த்தைபோல் சொல்வாள்.

எலுமிச்சையைத் தனியே வைக்க வேண்டும்,
இல்லாவிட்டால் கோஸ் அழுதுவிடும்.
மூடி ஒருமுறை சரியாக இறுகவில்லை.
மண் இயக்கவியல் நோட்டில்
எழுபத்தோராம் பக்கம் இன்னும் சீரகமாய் மணக்கிறது;
அந்தப் பக்கத்துச் சூத்திரம் மட்டும் எனக்கு மறப்பதில்லை.

ஒரு மணிக்கு மைக்ரோவேவ் வரிசை.
இருப்பது ஆறு, உயிரோடு நாலு.
மூன்றாவது ஓரத்தைக் கொதிக்கவிட்டு
நடுவைக் குளிரில் விட்டுவிடும்.
ஆனாலும் அதற்கு வரிசை சின்னது.

போன வியாழன்
டப்பாவை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனேன்.
நீல மூடி, மூலையில் அதே கீறல்.
திறந்தால் பருப்பு, சோறு,
பொரித்த வாழைப்பழத் துண்டு,
ஒரு முட்டை.

நான் முட்டை வைக்கவில்லை.
இந்த மாதம் முட்டைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஓடிப் பார்த்தேன். வரிசை கலைந்திருந்தது.
இரண்டு மணிக்கு ஆய்வகம்.
பசிக்கு நியாயம் தெரியாது என்று சொல்லமாட்டேன்.
தெரியும். கடிகாரமும் தெரியும்.

தின்றேன்.
உப்பு தூக்கல், கொத்தமல்லி தாராளம்.
முட்டையைக் கடைசிக்கு ஒதுக்கினேன்.
மஞ்சள் கரு நடுவில் கொஞ்சம் இளகியிருந்தது,
அடுப்பை விட்டு நகராமல் யாரோ வேகவைத்த முட்டை.
இந்நேரம் எங்கேயோ ஒருவர்
என் டப்பாவைக் கிளறிக் கிளறி
அதைத் தேடிக்கொண்டிருப்பார்.
அந்த நினைப்பு தொண்டையில் நின்றது.
தண்ணீர் குடித்து இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை
யெரால்தினின் முட்டையைத் திருடி அவித்து
மூன்றாவது மைக்ரோவேவ் பக்கத்தில் நின்றேன்.
நகல் கடை வில்மர் வந்தான், கையில் என் டப்பா.
மூடியின் ரப்பர் வரைக்கும் கழுவியிருந்தான்.

"உன்னுடையதா? உப்பே இல்லை" என்றான்.
"முட்டையும் காணோமா, உப்பும் காணோமா,
மனைவிக்கு என்மேல் கோபம் என்று நினைத்துச்
சாயங்காலம் பூ வாங்கிப் போனேன்."

"அப்புறம்?"

"எதற்குத் திடீரென்று பூ என்று கேட்டாள்.
இப்போதுதான் கோபம்."

முட்டையை நீட்டினேன்.
சட்டைப்பையிலிருந்த அளவுகோலால் சரிபாதியாக வெட்டினான்,
தாள் வெட்டிப் பழகிய கை.
பின்னால் வரிசை கத்தியது.
இரண்டு டப்பாவையும் நெருக்கி உள்ளே வைத்தோம்.
இரண்டும் நடுவில் சூடாகவில்லை.

இனிக் குழப்பம் வேண்டாம் என்று
தன் மூடிமேல் மார்க்கரால் ஒரு கோழி வரைந்தான்,
மார்க்கரை என்னிடம் நீட்டினான்.

என் மூடியில் நான் எதையும் வரையவில்லை.