கோழிக் கணக்கு

டர்பனிலிருந்து நாலு மணி நேரம்.
கடைசி ஒரு மணி நேரத்தைச் சாலை என்று சொல்ல முடியாது.
துகேலா மெலிந்து கிடக்கும் ஜூலையில்
ம்சிங்கா மலைச்சரிவுக்கு என்னை அனுப்பினார்கள்,
போன வருடம் நாற்பது வீடுகளுக்குக் கொடுத்த கோழிகளை எண்ணிவர.

வீட்டுக்கு இருபத்தைந்து.
எல்லாம் சிவப்பு, முட்டையிடும் வயது, தடுப்பூசி போட்டவை.
படிவத்தில் மூன்று கட்டம்:
உயிரோடு, விற்றது, செத்தது.
மூன்றையும் கூட்டினால் இருபத்தைந்து வரவேண்டும்.

தானம் வாங்கிய மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
கொடுத்தவன் வருடம் கழித்து வந்து பார்க்கலாமா?
பழமொழி அதைச் சொல்லவில்லை.

போன மழையில் பாலம் போயிருந்தது.
படுகை முழுக்கப் பாறை. வண்டி இக்கரையோடு நின்றது.
படிவப் பெட்டி இரண்டு, தராசு ஒன்று,
பயனாளிகளுக்குக் கொடுக்கச் சொன்ன
சின்னம் போட்ட தொப்பிகள் ஒரு மூட்டை.
பாறைகளுக்கு நடுவே தள்ளுவண்டியோடு ஒருத்தி நின்றாள்,
நான் வருவது நேற்றே தெரிந்தவள் போல.
போக வர நாற்பது ரேண்ட் என்றாள்.
முப்பது என்றேன்.
தொப்பி மூட்டையைப் பார்த்தாள்.
நாற்பது, என்றாள் மறுபடி.

பட்டியலில் பதினேழாவது வீடு அவளுடையதுதான்.
டெலிசிலே ம்வெலாசே. பிள்ளைகள் மூன்று.
கூண்டில் நாங்கள் கொடுத்த கம்பிவலை,
நாங்கள் கொடுத்த தண்ணீர்த் தொட்டி,
தொட்டிக்குள் காய்ந்த மக்காச்சோளக் கதிர்.
கோழி?
இல்லை.

என் சூலு கடைத்தெருச் சூலு.
விலை கேட்க வரும், துக்கம் கேட்க வராது.
எனக்காக அவள் விரல் மடக்கிச் சொன்னாள்:
நான்கு, மைத்துனன் சாவுக்கு வந்தவர்கள் சாப்பிட்டது.
ஒன்று பருந்து.
இரண்டு பக்கத்து வீட்டில் கடன், திரும்பி வரும்.
மூன்று, மூத்தவனின் பள்ளிக் காலணி.
மீதி பதினைந்தை ஒரே நாளில்,
ஓய்வூதிய வரிசையில் நின்றவர்களிடம் விற்றாள்.
முட்டை விலையைத் தீவனம் தாண்டிய வாரம் அது.
அந்தக் காசுதான் இந்தத் தள்ளுவண்டி.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேட்டுக்கு
மாவு மூட்டை, சிமெண்ட், கேஸ் சிலிண்டர்.
ஒருமுறை இடுப்பு வலியோடு ஒருத்தியை, மேட்டிலிருந்து பஸ்ஸுக்கு.
அதற்குக் காசு வாங்கவில்லையாம்.
வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறதாம்.

"கோழி தின்னும்," என்றாள், சக்கரத்தைத் தட்டி.
"இதற்குக் காற்று போதும்."

பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
காலணி எந்தக் கட்டம்?
கடன் போனது செத்ததா, விற்றதா?
சாவுச் சோறு?
இருபத்தைந்துக்கும் அவளிடம் கணக்கு இருக்கிறது,
என்னிடம் கட்டம் இல்லை.
அறிக்கையில் இவள் வீடு சிவப்பு மையில் வரும்.
பதினெட்டாம் வீட்டில் இருபத்தொரு கோழி உயிரோடு மேய்ந்தன,
பிள்ளைகளுக்கு வைத்த மாவைத் தின்று.
அந்த வீடு பச்சை.

மதிய வெயிலில் மனம் சும்மா இருக்கவில்லை.
டீசல், விடுதி, என் படி எல்லாம் சேர்த்து
இந்த ஒரு பயணம் எத்தனை கோழி?
எண்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மாலை பெட்டிகளை இக்கரை சேர்த்தாள்.
தொப்பி இரண்டு எடுத்துக்கொண்டாள்,
தலைக்கு அல்ல. அங்கேயே கிழித்து
இரும்புக் கைப்பிடியில் இறுக்கிச் சுற்றினாள்.
காசைக் கொடுத்துவிட்டுக் கேலியாகத்தான் சொன்னேன்:
ரசீது இல்லாமல் எங்கள் அலுவலகத்தில் பைசா பெயராது.

மேலங்கிப் பையிலிருந்து புத்தகம் எடுத்தாள்.
கார்பன் தாளைச் சரியாகச் செருகி,
தேதி, தொகை, கையெழுத்து.
எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

நாற்பது ரேண்டைக் கணக்குப் பிரிவு மறுநாளே தந்துவிட்டது.
கோழிக் கணக்குதான் இன்னும் இடிக்கிறது என்கிறார்கள்.