டெயில் பேனலில் ஒரு கட்டைவிரல்

ஆர்.சி. புக் என் பெயருக்கு மாறி வந்த வாரம்
குகையில், வாடகைப் போர்ஷனின் மொட்டைமாடியில்
ஆறு ஸ்குரூவும் நாலு ரப்பர் புஷ்ஷும் கழற்றி
சைடு பேனல் இரண்டையும் டெயில் பேனலையும்
பழைய பேப்பரில் படுக்கவைத்தேன்.
கிளிப்பச்சை.
கோபிநாத்தின் கிளிப்பச்சை.
அஞ்சு ரோடு சிக்னலில் ஆட்டோக்காரர்கள்
இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பார்களே, அந்தப் பச்சை.

எனக்குக் கொலுசுப் பட்டறையில் பதினாலு வருஷம்.
நெருப்பில் காட்டினால் கறுக்கும்,
அமிலத்தில் போட்டால் வெளுக்கும்,
பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ் போட்டால்
சிரிக்கும்.
வெள்ளி தாங்குகிறதே என்று
எல்லாம் தாங்கும் என்று நினைத்துவிட்டேன்.

தின்னரை ஊற்றினேன்.
பச்சை சுருண்டது, சரி.
அடுத்து பிளாஸ்டிக்குக்கே வியர்த்தது.
பதறித் தூக்கியதில் கட்டைவிரல்
டெயில் பேனலின் ஓரத்தில் புதைந்து
ரேகையோடு இறுகிப்போனது.
ரேஷன் கடை மிஷின்
ஒருநாளும் முதல் தடவையில் ஒத்துக்கொள்ளாத ரேகை.
பொடியும் அமிலமும் தின்று போனது என்றிருந்தேன்.
இங்கே வரி வரியாக இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை பெயின்ட் கடை அப்சல்
சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.
"பிளாஸ்டிக்கைத் தின்னுரும்க்கா. பேர்லயே இருக்கே.
பிரேக் ஆயில் தடவி மூடி வைங்க.
விடியிறவரைக்கும் தொடாதீங்க."

ஜவ்வரிசி வந்த பாலித்தீன் பையில் சுற்றி
தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைத்தேன்.
தொடாமல் இருப்பதற்கு
எனக்கு இதுவரை யாரும் கூலி தந்ததில்லை.
இரண்டு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன்.
பிரிக்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான்.
வடக்கே மலைமேல் ஏதோ ஒரு லாரி
வளைவு வளைவாக வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

காலையில் பச்சை அப்பளமாக எழும்பியிருந்தது.
காலாவதியான ஏடிஎம் கார்டால் தள்ளினேன்.
கீழே
மெரூன்.

கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மெரூன் நான் கேட்ட நிறம்.
பிறகு ஒரு தீபாவளிக்கு முன்னால்
"மூணு நாள் உரசி உரசி எடுத்தேன்,
தோள்பட்டையே போச்சு" என்றான்.
தைலம் தேய்த்துவிட்டவள் நான்.
எடுக்கவே இல்லை.
ஒரு உப்புத்தாள்கூடப் போடாமல்
தூசியோடு தூசியாக அடித்திருக்கிறான் மேலே.
நடுவில் ஒரு கொசு,
காலைக்கூட மடக்க நேரமில்லாமல்.

போனை எடுத்தேன்.
நம்பர் இன்னும் விரலில்தான் இருக்கிறது.
என்ன கேட்பது, கொசுவைப் பற்றியா?
வைத்துவிட்டேன்.

அடுத்த பூச்சு பிடிக்க வேண்டுமென்றால்
பிடித்ததும் போகத்தான் வேண்டும்.
இன்னொரு ராத்திரி, இன்னொரு பை.
மெரூன் பச்சையைப்போல் இல்லை,
சில்லுச் சில்லாகத்தான் வந்தது,
நகக்கண்ணில் இரண்டு நாள் இருந்தது.
பட்டறையில் செண்பகவடிவு கேட்டாள்,
மருதாணியா என்று.

பூந்திக்கொட்டை நுரையில் கழுவி
நானூறு, எண்ணூறு, ஆயிரம் நம்பர் தாள்கள்,
தண்ணீர் சொட்டச் சொட்ட.
கடைசியில் வந்தது வெறும் சாம்பல்,
வேகாத தோசை நிறத்தில்.
உள்பக்கம் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் அம்பு,
அச்சில் வார்த்த மாதத்தைக் காட்டிக்கொண்டு.
எங்கள் இரண்டு பேருக்கும் முந்திய மாதம்.

"அந்தக் குழியைப் பட்டி வச்சு மூடிரலாம்க்கா"
என்றார் அப்சல்.
வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது
கட்டைவிரல் தானாக அங்கே போய் உட்காருகிறது.
பட்டி வேண்டாம் என்றேன்.
பிரைமர் விலையை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாட்டி
அடிவாரம் தாண்டி மேலே போனேன்.
எத்தனையாவது வளைவோ, எண்ணவில்லை,
மூடுபனி பேனலில் முத்து முத்தாக நின்றது.
கொய்யா விற்கும் பையன்
வண்டியைச் சுற்றி வந்தான்.
"இது என்ன கலர்க்கா?"

இன்னும் வாங்கலடா, என்றேன்.
அரைக் கிலோ போடச் சொன்னேன்.