ஜாடி எண் 62

லேபிளில் டாக்டரின் அவசரக் கையெழுத்து:
அன்ஸில், வயது ஆறு, காசிமேடு.
ஃபார்மலினில் இரண்டு டான்சில்,
மூக்குக்குப் பின்னாலிருந்து சுரண்டி எடுத்த
அடினாய்டு கொஞ்சம்,
ஊறவைத்த புளியாய்ப் பிசிறு பிசிறாக.

எழும்பூரில் கரண்ட் போய் வந்த மதியம்.
மெழுகில் புதைத்து
நான்கு மைக்ரான் கனத்தில் சீவுகிறேன்.
வெந்நீர்மேல் விரிகிறது சீவல்,
மூச்சு பட்டால் கலைந்துவிடும்.
நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.
அவன் ராத்திரியெல்லாம் செய்ததும் அதுதானாம்.

கேஸ் ஷீட்டில் ரெஜினா சொன்னது அப்படியே இருக்கிறது:
வாயத் தொறந்துக்கினே தூங்குவான்.
கொறட்ட திடீர்னு நிக்கும்.
நான் எண்ணுவேன்.
ஒம்பதுக்கு மேல போனா உலுக்கிருவேன்.

அப்பன் சேவியர்
ஐஸ் ஃபேக்டரியில் கட்டி உடைக்கிறவன்.
பையில சில்லு சில்லா கொணாந்து குடுத்தா
தொண்ட வீங்காம என்னா செய்யும் என்று
குழாயடியில் எப்போதோ தீர்ப்பாகிவிட்டது.
இரண்டு வருஷமாகச்
சட்டைப்பை நனையாமல்தான் வீடு திரும்புகிறான்.

சாயம் ஏற ஓர் இரவு.
காலையில் லென்ஸில் கண் வைத்தேன்.
நீலப் புள்ளிகள்
பாரிமுனை பஸ்ஸின் படிக்கட்டு வரைக்கும் நெரிசல்.
அதற்குள் நுழைந்து போகிறது
பழுப்பாய் ஒரு நூல். நரம்பு.
அதில் மணி மணியாக ஒட்டியிருப்பதற்கு
சப்ஸ்டன்ஸ் பி என்று பெயர்.

வலிக்கிறதென்று மூளைக்குச் சொல்லப் போகிற நரம்பு
போகிற வழியில்
பக்கத்துக் கதவுகளையும் தட்டிவிடுகிறது.
ரத்தக்குழாய் கசிகிறது.
காவல் செல்கள் இறங்கி ஓடி வருகின்றன.
வீங்குகிறது,
வீங்கினது நரம்பைச் சீண்டுகிறது,
அது இன்னும் பலமாகத் தட்டுகிறது.
புகார் கொடுக்க வந்தவன் கையிலேயே
கல்லும் இருக்கிறது.

எது முதலில் என்று
இந்தக் கண்ணாடித் துண்டு சொல்லாது.
ஐஸ் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.
நான் எழுதக்கூடியது ப்ளஸ் த்ரீ, அவ்வளவுதான்.
ரிப்போர்ட்டில்
அப்பன்மாருக்கென்று கட்டம் கிடையாது.

வார்டில் அவனுக்குக் கப் ஐஸ்கிரீம்,
டாக்டரே சொன்னது.
மரக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு
சேவியர் ரெஜினாவைப் பார்த்தானாம்.
கப் பாதி உருகியபிறகு
அவள் தலையசைத்தாளாம்.

ராத்திரி எட்டாம் நம்பர் கட்டிலில் சத்தமே இல்லை.
வாய் மூடியிருக்கிறது.
அவள் மட்டும் விரலை அவன் மூக்கடியில் வைத்து
ஒன்பதைத் தாண்டி
நாற்பதைத் தாண்டி
எண்ணிக்கொண்டே இருக்கிறாள் என்று
டியூட்டி முடிந்து வந்த நர்ஸ் சொன்னாள்,
டீயை ஆற்றியபடி.